சாட்சி சொல்லாத ஞாயிறு

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். சாட்சிக்காரர் என்று கேட்டால் போதும், வாசல் காவலாளியிலிருந்து தலைமை நர்ஸ் வரைக்கும் கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். கீழ்த்தளத்தில், பிணவறையைத் தாண்டி, வராந்தா முடிகிற இடத்தில் சலவைக்கூடம். முப்பது வருஷமாக அவர் இருந்த இடம் அது. ஆள் உயரத்துக்கு நான்கு சலவை இயந்திரங்கள், மூன்று உலர்த்திகள், ஈர விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் மொடமொடவென்று துப்பும் நீராவி உருளை ஒன்று. அத்தனையும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அந்தச் செய்தி மாடி வீட்டுக்காரர்களுக்கும் போய்ச் சேரும்.

சாட்சிக்காரர் என்ற பெயர் இருபத்தோரு வருஷமாக அவர் சொல்லிவந்த சாட்சியால் வந்தது. பழைய கிடங்கு ஒன்றை வெள்ளையடித்துச் சபையாக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும், தங்கள் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம். மற்றவர்கள் காய்ச்சல் விட்டது, வேலை கிடைத்தது என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். இவர் எழுந்தால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிடும். தான் எப்படிப்பட்ட குடிகாரனாக இருந்தேன் என்பதில் ஆரம்பிப்பார். ஒருநாள் கதவைத் திறக்கத் தாமதித்த மனைவியைக் கன்னத்தோடும் காதோடும் சேர்த்து அறைந்தது, அவள் சுவரில் மோதி விழுந்தது, இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது, ஆறு வயது மகள் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்வார். அதற்கு ஒரு வருஷம் கழித்து, கூட வேலை செய்த ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இதே கிடங்கில் உட்கார வைத்தது, அன்றைக்கு விழுந்த முழங்கால், அன்றோடு விட்ட குடி. குருடனாகக் கிடந்தவனுக்குக் கர்த்தர் கண்ணைக் கொடுத்தார் என்று சொல்லும் இடத்தில் அவருக்குக் குரல் உடையும்.

கடைசியில் பெண்கள் பக்கம் கையை நீட்டுவார். அதோ என் மனைவி, அன்றைக்குக் கிழிந்த காது இன்றைக்கு முழுச் சுகம் என்பார். நான் பேசினால் கண் இமைக்காமல் என் முகத்தையே பார்ப்பாள், அப்படி ஒரு அன்பைக் கர்த்தர் எங்கள் வீட்டில் வைத்திருக்கிறார் என்பார். கூடம் அதிரக் கை தட்டுவார்கள். அந்த அம்மா தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அடக்கமான பெண்மணி என்று மெச்சிக்கொள்வார்கள்.

குடியை விட்டது பொய்யில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை, கை ஓங்கியதும் இல்லை. மற்ற சபைகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் அழுத முகங்கள்தான். குடிக்கிற புருஷனை வைத்துக்கொண்டு திண்டாடும் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க வீட்டு ஆளுக்காகவும் ஜெபம் பண்ணுங்க அண்ணே என்பார்கள். தன்னைப் போலப் பார்வை பெற்றவன் இல்லை என்று அவர் நம்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மகள் மட்டும் கை தட்டியதில்லை. தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, இனிமே அந்தக் கதைய சொல்லாதீங்க."

"அது என் கதை இல்லம்மா. கர்த்தரோட கதை."

"அடி வாங்கினது கர்த்தர் இல்ல. அம்மா."

பிள்ளையின் வாயில் சாத்தான் புகுந்து பேசுகிறான் என்று அவர் அங்கேயே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணைத் திறந்தபோது மகளும் இல்லை, பெட்டியும் இல்லை. ஐந்து வருஷம் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். அந்தப் பிரிவையும் அவர் சாட்சியில் சேர்த்துக்கொண்டார், தான் சுமக்கும் சிலுவை என்று.

மனைவிக்கு விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காய்கறிப் பையோடு தெருவைக் கடந்தபோது இடது பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. இடித்தவன் ஓடிப்போகவில்லை, அவனே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். மூன்று தடவை ஹாரன் அடித்ததாகவும், அந்த அம்மா திரும்பியே பார்க்கவில்லை என்றும் அழாத குறையாகச் சொன்னான். சலவைக்கூடத்திலிருந்து மேலே ஓடிவந்த சாட்சிக்காரர் அவன் தலையில் கை வைத்து, கர்த்தர் உன்னை மன்னிக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

பெண்கள் வார்டில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். அறுவைக்கு முன் விவரம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு டாக்டர் பெண் வந்தாள், வேலைக்குப் புதியவள். கட்டிலின் இடது பக்கம் நின்றுகொண்டு பெயர், வயது, வேறு நோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலியில் பேசவில்லை என்று நினைத்து இவர் குனிந்து, உன்னைத்தான் கேக்கறாங்க என்று வழக்கமான குரலில் கத்தினார். டாக்டர் பெண் அவரைக் கையமர்த்தினாள். மறுபக்கம் சுற்றிப் போய், அதே கேள்வியை மெல்லக் கேட்டாள். பதில் வந்தது. மறுபடி இடது பக்கம் வந்து காதருகே விரலைச் சொடுக்கினாள். மனைவியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

வலது பக்கம் குனிந்து, எத்தனை நாளாக இந்தக் காது கேட்கவில்லை என்று கேட்டாள்.

மனைவி முதலில் கணவரைப் பார்த்தாள். பிறகு, "இருபத்திரெண்டு வருஷம் இருக்கும்" என்றாள்.

"எப்படி ஆச்சும்மா?"

"கீழ விழுந்தேன்."

அடுத்த கட்டிலில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த ஆயா கையை நிறுத்தினாள். அதே சபைக்கு வருகிறவள். காது சுகமான கதைக்கு எத்தனையோ முறை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவள். அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்த பார்வைக்கு இவரால் முகம் கொடுக்க முடியவில்லை. டாக்டர் பெண் வராந்தாவுக்கு வந்து, உங்களுக்கு இது தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றார். அவளுக்கு அவரைக் குத்திக் காட்டும் நோக்கமே இல்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

கீழே போனார். இயந்திரத்தில் துணி போட்டார், எடுத்தார். ரத்தக் கறை பட்ட விரிப்புகளைத் தனியே பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டார், சுடு தண்ணீர் பட்டால் கறை ஒட்டிக்கொள்ளும் என்று. கை பழகிய வேலையைச் செய்தது. தலைக்குள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. கூப்பிட்டால் திரும்பாதவளை நெஞ்சு கடினப்பட்டவள் என்று எத்தனை நாள் பிரசங்கம் பண்ணியிருக்கிறார். அவள் போனை வலது காதைத் தவிர வேறு காதில் வைத்துப் பார்த்ததே இல்லை. தெருவில் நடந்தால் எப்போதும் அவருக்கு இடது பக்கமாகவே வந்து சேர்ந்துகொள்வாள். அவர் பேசும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, உதடு அசைவதைப் படிப்பதற்கு. அன்பு என்று மேடையில் சொன்னாரே, அது இதுதான். பக்கத்தில் நின்றவன் என்னவோ கேட்டான். உருளைக்குள் போன விரிப்பு மடங்கிச் சிக்கிக் கருகும் வாடை வந்த பிறகுதான் சுதாரித்தார்.

மறுநாள் மகள் வந்தாள். அவரைத் தாண்டிப் போய்க் கட்டிலின் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஆறு வயதிலிருந்தே தெரிந்திருக்கிறது.

போதகரிடம் போய்ச் சொன்னார். போதகர் நல்ல மனுஷர். அதைச் செய்தது பழைய ஆள், அவன் செத்துவிட்டான், கர்த்தர் அதை மன்னித்து மறந்தும் விட்டார், நீங்கள் தோண்டி எடுக்காதீர்கள் என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். சாட்சிக்காரர் தலையை ஆட்டி மறுத்தார்.

"ஐயா, குடிச்சிருந்தவன் அடிச்சது ஒரு அடி. அப்புறம் இருபத்தோரு வருஷம் அவளுக்குக் காது கேக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? அவன் குடிக்கலயே. அவன் மன்னிக்கப்பட்டவனாச்சே."

போதகர் சேர்ந்து ஜெபிப்போம் என்றார். ஜெபித்தார்கள். போதகர் ஜெபித்தார், இவர் உதட்டை அசைத்தார்.

அறுவை முடிந்து மனைவி வார்டில் கிடந்த அந்த வாரங்களில் அவர் பட்டதைச் சொல்லி மாளாது. அது குற்ற உணர்ச்சியோடு நின்றிருந்தால் தேவலை. முழங்காலில் விழுந்த அந்த நாளே பொய்யோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கர்த்தர் கண்ணைத் திறந்தது நிஜமென்றால் பக்கத்தில் படுத்திருந்தவள் ஏன் தெரியவில்லை? தெரியவில்லை என்றால் எதைத்தான் திறந்தார்? ஜெபிக்க உட்கார்ந்தால் பழகிய வார்த்தைகள் வாய்க்கு வரும், மேடையில் சொல்லித் தேய்ந்த அதே வார்த்தைகள். வாயைக் கழுவினாலும் போகாத கசப்பு போல இருக்கும். எழுந்துவிடுவார். ஒருமுறை பழைய சாராயக் கடைத் தெருவரைக்கும் கால் போய்விட்டது. திரும்பி வந்ததற்குக் காரணம் விசுவாசம் என்று அவரால் பிற்பாடும் சொல்ல முடியவில்லை. பேருந்து வந்தது, ஏறினார், அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டு வேளையில் இயந்திரங்களை அரை மணி நேரம் நிறுத்துவார்கள். அந்த அமைதியில் ஒருநாள், துணி மூட்டை மேல் உட்கார்ந்து வேதத்தைப் புரட்டினார். கண்ணில் பட்டது, நூறு தடவை படித்த ஒரு சின்னச் சம்பவம். இயேசு ஒரு குருடனைத் தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனுஷர் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடப்பது போலத் தெரிகிறார்கள் என்கிறான் அவன். இயேசு மறுபடியும் தொடுகிறார். அப்புறம்தான் அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டாவது தொடுதலைத்தான் அவர் எப்போதும் பெரிதாகப் படிப்பார். அன்றைக்கு அவரைப் பிடித்து நிறுத்தியது நடுவில் இருந்த அந்தப் பதில். அந்தக் குருடன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று வாய் விட்டுச் சொல்லியிருக்கிறான். நானோ முதல் தொடுதலோடு எழுந்து ஓடிவிட்டேன் என்று நினைத்தார். மரம் போலத் தெரிந்தவளை மனைவி என்று கை காட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் சொன்னதில் ஒரே ஒரு பிழை இருந்தது என்று இப்போது தோன்றியது. அடி வாங்குகிறவர்களின் பக்கம் போய்த் தானும் அடி வாங்கியவர்தான் கர்த்தர். தன் வீட்டுச் சுவரோரம் விழுந்து கிடந்தவளின் அருகில் கர்த்தர் இருந்திருக்கிறார். இவர்தான் அவரை இத்தனை காலமும் மேடை மேல், தன் தோளுக்குப் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சரியாத் தெரியல, ஆண்டவரே" என்றார். வேறொன்றும் சொல்ல வரவில்லை. ஆறுதல் என்று எதுவும் உடனே இறங்கி வரவில்லை. ஆனால் இருபத்தோரு வருஷத்தில் தான் சொன்ன முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று மட்டும் தெரிந்தது.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் மேலே போனார். ஸ்டூலை வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெல்லப் பேச அவருக்குத் தெரியவில்லை. குரலை அடக்கினால் காற்றுதான் வந்தது. நான் சொல்லும்போதெல்லாம் உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். கேட்கவே அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருந்தது. மனைவி போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அடிச்சப்ப வீட்டுக்குள்ள நாலு சுவர்தான் பாத்துச்சு" என்றாள். "நீங்க சொன்னப்ப எல்லாரும் பாத்தாங்க. ஒவ்வொரு தடவையும் விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் கை தட்டினாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதான் தூண் பக்கத்துல உக்காருவேன். அங்க உக்காந்தா இந்தக் காது மேடைப் பக்கம் இருக்கும், நல்ல காத தூண்ல சாச்சுக்கலாம். ஒண்ணும் கேக்காது." அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "நீங்க குடுத்தது, உங்க சாட்சி கேக்காம இருக்கவே உபயோகப்பட்டுச்சு."

அவர் அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை. கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அழுது முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தார்.

சபையின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. நோட்டீசில் அவர் சாட்சி என்று அச்சாகிவிட்டது. மேடையில் ஏறி எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். காது சுகமாகவில்லை, நான் சொன்னது பொய், நான்தான் குருடன் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். நினைக்க நினைக்க அதிலேயே ஒரு வேகம் வந்தது. வாக்கியங்கள்கூட அமைந்துவிட்டன. மனைவியிடம் போய்ச் சொன்னார். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"மறுபடியும் என்னை வச்சா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு நடந்த பிறகும், மனந்திரும்புகிறதையே ஒரு நல்ல சாட்சியாகத் தைத்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. இந்தக் குருட்டுத்தனம் எத்தனை ஆழத்துக்குத்தான் போகிறது, அடி தெரியவே தெரியாதா என்று திகிலாக இருந்தது.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. என்னைப் பத்தி யார்கிட்ட என்ன சொல்லணுமோ, நான் சொல்லிக்கறேன்."

விழா நாள் கிடங்கு நிறைந்து வாசல்வரை ஆள் நின்றது. போதகர் அவரை அழைத்தார். எழுந்தார். வெளியூரிலிருந்து வந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, இனிமேலும் என்னை அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ இருமினார்கள். பாட்டுக்காரர்கள் அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார்கள்.

அடுத்த வாரமே பேச்சு கிளம்பிவிட்டது. மறுபடியும் குடிக்கிறானாம். சாராயக் கடைத் தெருவில் பார்த்தவர்கள் இருந்தார்கள், அது பொய்யுமில்லை. பெண்டாட்டி காலை உடைத்ததே அவன்தானாம் என்று சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முன்பு கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் கேட்டவர்கள் வராந்தாவில் கண்டால் வேறு பக்கம் திரும்பினார்கள். ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் தெளிவுபடுத்தியிருக்கலாம். அந்த வாக்கியத்தில் மனைவி இல்லாமல் இருக்க முடியாது. எனவே சொல்லவில்லை. ஞாயிறுதோறும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பல நாள் அங்கே உட்கார்வதற்கே அவருக்கு உடம்பெல்லாம் கூசும். ஆயா ஒருத்திதான் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, அக்கா என்கிட்ட சொன்னாங்க, காது அந்த அடியோட போயிடுச்சுன்னு, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மனைவியே தன் வாயால் சொல்லியிருக்கிறாள் என்பதை நினைத்து அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது துக்கமா வேறேதாவதா என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மகள் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போனாள். கால் தேறும்வரை என்று பேச்சு. நான்கு மாதத்தில் தேறிவிட்டது. அவர் ஞாயிறு மதியம் பேருந்து ஏறிப் போவார். மகள் கதவைத் திறந்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விடுவாள். அவர் மனைவியின் வலது பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். அவள் பழைய விஷயங்களைச் சொல்லுவாள், ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியாத எத்தனையோ இருந்தன. பதிலுக்கு வசனம் எடுத்து வைக்க வாய் துடிக்கும். அடக்கிக்கொள்வார்.

எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று ஒருநாள் கேட்டார்.

"வரலங்க" என்றாள். கோபமில்லை அந்தக் குரலில். "எனக்கு அங்க வர வேணாம்னு இருக்கு. உங்களுக்காக ஜெபிக்கறேன். அது முடியுது. அந்த வீட்டுக்குள்ள வர முடியல."

சரி என்றார். அதற்கு மேல் நிற்க முடியாமல் கிளம்பிவிட்டார். பேருந்தில் வரும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நடத்துனர் டிக்கெட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். தெளிவாகத் தெரியட்டும் என்று கேட்டாயிற்று, தெரிகிறது. இதைப் பார்த்துக்கொண்டே மீதி நாளை எப்படிக் கழிப்பது என்பதைத்தான் அவரால் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, பாத்திரச் சத்தம் இல்லாத அடுப்படியில் நின்று, அன்றைக்கு அவள் சொன்னவற்றை ஒன்றொன்றாகக் கர்த்தரிடம் திருப்பிச் சொன்னார். இப்போதெல்லாம் அவருடைய ஜெபம் அதுதான். தன்னைப் பற்றி அதில் அதிகம் இருப்பதில்லை.

அடுத்த ஞாயிறும் போனார், அதற்கடுத்ததும் போனார். ஒருநாள் கிளம்பும் நேரத்தில் நல்ல மழை. மகள் குடையை எடுத்துக்கொண்டு நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பேருந்து வளைவில் தெரிந்தபோது, அவரைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"வியாழக்கிழமை அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். எனக்கு லீவு கிடைக்காது. நீங்க வர முடியுமா?"

"காலையில எத்தன மணிக்குமா?"

எட்டரைக்கு என்றாள். எட்டு மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவர் நனைந்துகொண்டே பேருந்தில் ஏறினார்.